நீண்ட நோயும் இச்சையடக்கமும்: தண்ணீரை அளந்து குடிக்கிற வீட்டிலிருந்து ஒரு கேள்வி

நாசரேத் மகள் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியதிலிருந்து எங்கள் சபைச் சேகரத்தில் வாரம் ஒரு மாலை ஆவியின் கனிகளைப் பற்றி, அதாவது விசுவாசிக்குள் வளர வேண்டிய நற்குணங்களைப் பற்றி, தியானம் நடக்கிறது. கலாத்தியர் நிருபத்தின் பட்டியலில் கடைசியாக வருவது இச்சையடக்கம். அதைப் பற்றிப் பேச வந்தவர்கள் மது, பண ஆசை, செல்போன், வாலிபரின் கண்கள் என்று பேசினார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் எங்கள் வீட்டில் இச்சையடக்கம் என்றால் தண்ணீர். அதைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆகவே குடிக்கிற தண்ணீர், காபி, மோர், சோற்றில் ஊற்றுகிற ரசம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது டாக்டர் அவருக்குச் சொன்ன கணக்கு. இப்போது எங்கள் பக்கம் பதநீர் இறக்குகிற காலம். தெருவில் பதநீர்க்காரர் குரல் கேட்டால் இவர் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். பதநீர், நுங்கு, இளநீர் மூன்றும் கூடாது.

பகலில் சமாளித்துவிடுகிறார். இரவில்தான் பாடு. எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் பானை மூடியை மெதுவாக எடுக்கிற சத்தம் கேட்கும். மூடியைத் திரும்ப வைக்கிற சத்தம் உடனே கேட்டால் நாக்கை மட்டும் நனைத்திருக்கிறார் என்று தெரியும். கேட்காவிட்டால் என் வயிறு கலங்கும். எழுந்து போய்த் தடுப்பதா, தூங்குவதுபோல் படுத்திருப்பதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பலரும் "விசுவாசிகள் கலங்கக்கூடாது, சாட்சியைக் காத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். உறவினர் ஒருவர் எங்களை ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். திரும்பி வரும் வழியில், "சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து அடுத்த டயாலிசிஸை விட்டுவிடுங்கள்" என்றார். இவர் பதில் சொல்லவில்லை. புதன்கிழமை விடியற்காலையில் எழுந்து வழக்கம்போல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் உடன் போனேன்.

கடினமான நாட்களில் நிலைகுலையாமல் இருப்பது என்றால் என்ன? அழாமல் இருப்பதா? கேட்காமல் இருப்பதா? இந்த வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டயாலிசிஸ் செவிலி எழுதியது:

அக்கா, வணக்கம். நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். வசனம் சொல்ல இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீர் நின்றுபோனவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை ஒரு கிலோ ஏறும். அந்த ஒரு கிலோவை நான்கு மணி நேரத்துக்குள் இயந்திரம் ரத்தத்திலிருந்து இழுக்க வேண்டும். இரண்டு கிலோ ஏறியவரும் ஐந்து கிலோ ஏறியவரும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருப்பார்கள். ஐந்து கிலோக்காரருக்கு மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை இறுகிப் பிடிக்கும், ரத்த அழுத்தம் சரியும், வாந்தி வரும். அது தண்டனை இல்லை, உடம்பின் கணக்கு. ஆனால் வலியில் துடிக்கும்போது "நான் பாவி, நான்தான் குடித்துவிட்டேன்" என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: தாகத்தோடு நேருக்கு நேர் நின்று ஜெயிப்பது மிகவும் கடினம். உப்போடு போராடுங்கள், தாகம் பாதி தணியும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடைச் சிப்ஸ் இவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சர்க்கரை நோயும் இருந்தால் சர்க்கரை ஏறும்போதெல்லாம் நா வறளும், அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீர் கூடாது என்பதும் அதனால்தான்.

பெரிய டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, குழந்தைகள் குடிக்கிற சின்ன டம்ளரைக் கொடுங்கள். வாய் கொப்பளித்துத் துப்பலாம். சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு மடக்குத் தண்ணீரைவிட நெடுநேரம் தாங்கும். ஆனால் ஐஸும் கணக்கில் சேரும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கவனியுங்கள். திங்கள், புதன், வெள்ளி என்றாலும் செவ்வாய், வியாழன், சனி என்றாலும் வாரத்தில் ஒருமுறை இரண்டு நாள் இடைவெளி வருகிறது, ஞாயிறு அதற்குள்தான் இருக்கிறது. நம் கல்யாண விருந்து, கோவில் அசன விருந்து, உறவினர் வருகை எல்லாமே அன்றைக்குத்தான். வாரத்திலேயே அதிக ஆபத்தான நாட்கள் அவை.

---

பெத்தேல் சகோதரன் எழுதியது:

சகோதரி, உங்கள் கண்ணீரைக் கர்த்தர் காண்கிறார். நீங்கள் சொன்ன அந்த உறவினர்மேல் கோபப்படாதீர்கள். அவர் அன்பினால் சொல்லியிருப்பார். எங்கள் சபையில் டாக்டர்கள் கைவிட்டவர்கள் எழுந்து நடந்ததைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த இழையில் நோயின் கணக்கே பெரிதாகவும் வாக்குத்தத்தம் சிறிதாகவும் போய்விடக்கூடாது என்பது என் பாரம்.

நாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்று நீதிமொழிகள் சொல்கிறது. நாள் முழுவதும் "தாகம், தாகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் தாகமே வீட்டை ஆளும். வாய் அறிக்கையைக் காத்துக்கொள்வதும் இச்சையடக்கம்தானே? பலவீனத்தைப் பேசாமல் பெலத்தைப் பேசப் பழகுவது நல்லது என்று நினைக்கிறேன்.

---

மெய்ஞ்ஞானபுரத்து ஆசிரியர் எழுதியது:

தம்பி பெத்தேல் சகோதரனுக்கு. உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் "தாகம் என்று சொல்லாதே" என்கிற இடத்தில் உங்களோடு வர என்னால் முடியவில்லை.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோமே, ஐந்தாம் வார்த்தை என்ன? "தாகமாயிருக்கிறேன்." ஆண்டவர் அதை வாய்விட்டுச் சொன்னார். தம்மை அறைந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார். அவருக்கு இல்லாத பெலமா நமக்கு இருக்கிறது?

அதற்கு முந்தைய நிகழ்ச்சியையும் சேர்த்து வாசியுங்கள். கொல்கொதாவுக்கு வந்தவுடன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்கிறார் மாற்கு. நேரம் சென்றபின் தாகத்தைச் சொன்னார், காடியை வாங்கிக்கொண்டார் என்கிறார் யோவான். ஒன்றை மறுத்தார், ஒன்றை ஏற்றார், இரண்டுக்கும் நடுவே தம் தேவையை மறைக்காமல் சொன்னார். இச்சையடக்கத்தின் முழு உருவமும் எனக்கு அந்தச் சில வசனங்களில் தெரிகிறது. தாகம் இல்லாததுபோல் காட்டிக்கொள்வது அடக்கம் ஆகாது. தாகம் எஜமானாக உட்காராதபடி பார்த்துக்கொள்வதே அடக்கம்.

தாவீதின் கதை இந்த வீட்டுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. எதிரிகளான பெலிஸ்தரின் தாணையம், அதாவது காவல்படை, அவன் ஊரான பெத்லகேமில் இருக்கிறது, தாவீது அரணான இடத்தில் இருக்கிறான். ஊர்க் கிணற்றுத் தண்ணீர்மேல் ஆவல் வருகிறது, கொஞ்சம் கொண்டுவருகிறவன் யார் என்று வாய்விட்டுக் கேட்கிறான். மூன்று பராக்கிரமசாலிகள் பாளயத்தில் துணிந்து புகுந்து மொண்டு வருகிறார்கள். அவன் குடிக்கவில்லை. கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். பிராணனை எண்ணாமல் போனவர்களின் இரத்தம் அல்லவா இது என்கிறான். ஏங்கியதற்காக அவனை வேதம் கடிந்துகொள்ளவில்லை. அந்தத் தண்ணீருக்குப் பின்னால் யாருடைய உயிர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

டயாலிசிஸை நிறுத்தச் சொன்னவருக்கு இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். "உன்னைக் குணமாக்குவேன்" என்று, சாகும் நிலையில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சொல்லி அனுப்பினார். பதினைந்து வருஷம் கூட்டியும் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே அடுத்தபடியாக, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. சுகம் தருகிறவர்மேல் நம்பிக்கை வைத்தபடியே புதன்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாரே உங்கள் கணவர், அதற்குப் பெயர்தான் திடமனது.

---

இடக்கை ஃபிஸ்டுலா எழுதியது:

நான் டயாலிசிஸில் இருக்கிறவன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைப்பதற்குத்தான் ஃபிஸ்டுலா என்று பெயர். வாலிபன். கணக்கு எழுதுகிற வேலை. நாசரேத் அக்கா கேட்டது பானை மூடியைப் பற்றி. அந்த மூடியை எடுக்கிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

இரவு இரண்டு மணித் தாகம் பகல் தாகம் போல் இருக்காது. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், எச்சில் பசைபோல் ஆகிவிடும். "என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்று இருபத்திரண்டாம் சங்கீதத்தில் வருகிற வரியைச் சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன். அது என்ன நிலை என்று இப்போது தெரிகிறது.

ஆனால் தாகத்தைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. வீட்டில் எல்லாரும் என் டம்ளரைப் பார்க்கிறார்கள். அம்மா பார்க்காததுபோல் பார்க்கிறார். தங்கை எடை பார்க்கும் கருவியை எட்டிப் பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் நான் செம்பைத் தொட்டால் பேச்சு நின்றுவிடும். அன்பினால்தான். ஆனாலும் வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா செம்புகளை எடுத்து அலமாரியில் பூட்டிவைத்த நாட்களில், பூட்டு இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகக் குடிக்க வேண்டும்போல் இருக்கும்.

எங்கள் போதகர் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னார். "இச்சையடக்கம் அவனுக்குள் பழுக்க வேண்டிய கனி அம்மா, நீங்கள் அவனுக்காக அதைப் பழுக்கவைக்க முடியாது." அதன்பிறகு ஏற்பாடு மாறியது. காலையில் நானே அளந்து அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி என் மேசையில் வைக்கிறேன். மீதிக் கணக்கு காபிக்கும் குழம்புக்கும். பாட்டில் என் கையில். இரவுக்கென்று கடைசி நான்கு மடக்கை மிச்சம் பிடிப்பது என் பொறுப்பு. தாகம் தாங்காவிட்டால் அம்மாவை எழுப்பி, "அம்மா, தாகமாக இருக்கிறது" என்று சொல்லலாம். சொன்னால் அவர் அறிவுரை சொல்லமாட்டார். அது ஒப்பந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சில நேரம் ஒரு பாட்டுப் பாடுவார், சில நேரம் ஊர்க்கதை பேசுவார். தாகம் போவதில்லை. விடிகிறது.

ஊசி குத்தும்போது நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை மனதுக்குள் சொல்வேன். டயாலிசிஸ் ஊசி எவ்வளவு தடிமன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சங்கீதம் வலியைக் குறைத்ததாகச் சொல்லமாட்டேன். கையை இழுக்காமல் வைத்திருக்க உதவுகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமும் எனக்கு வேண்டும். அது கடைசி வரை ஆறுதல் சொல்லாமல், இருட்டிலேயே முடிகிற ஜெபம். அப்படி ஒன்று வேதத்துக்குள் இருக்கிறது என்பதாலேயே சில நாட்களில் என்னால் ஜெபிக்க முடிகிறது.

அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில்: மூடிச் சத்தம் கேட்டால் எழுந்து போங்கள். ஆனால் தடுக்கப் போகாதீர்கள், துணைக்குப் போங்கள்.

---

தென்காசி மருமகன் எழுதியது:

எல்லாம் சரி. ஒரு கேள்வி. மாமனாரோடு நானும் டயாலிசிஸுக்கு அலைந்தவன். இயந்திரம் பழுது என்று சொல்லி விடியற்காலையிலிருந்து மதியம் வரை ஒரு முதியவரை மர பெஞ்சில் உட்காரவைப்பார்கள். காப்பீட்டுத் தாளில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். நாம் கேட்டால், "நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே, கொஞ்சம் பொறுமையாக இருக்கக் கூடாதா" என்று அதற்கும் ஒரு பேச்சு. இங்கேயும் அடக்கம்தானா? பொறுமை என்ற பெயரில் நம் ஆட்கள் எத்தனை அநியாயத்தை விழுங்கியிருக்கிறார்கள்!

---

மெய்ஞ்ஞானபுரத்து ஆசிரியர் எழுதியது:

மருமகப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. வாயை மூடிக்கொள் என்று வேதம் சொல்லவில்லை.

நெகேமியா ஐந்தாம் அதிகாரம். எருசலேமின் ஏழைகள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விட்டுக்கொடுத்துக் கூக்குரலிடுகிறார்கள். "மிகவும் கோபங்கொண்டு" என்று அங்கே அதிபதியாயிருந்த நெகேமியாவே எழுதுகிறான். கோபத்தை மறைக்கவில்லை. அடுத்த சொற்களைப் பாருங்கள்: "என் மனதிலே ஆலோசனைபண்ணி." அதன்பிறகுதான் பிரபுக்களையும் அதிகாரிகளையும் கடிந்துகொள்கிறான், சபையைக் கூட்டுகிறான், நிலத்தையும் வட்டியையும் திரும்பக் கொடுக்கச் சொல்கிறான், ஆசாரியர்களை அழைத்து ஆணையிடுவிக்கிறான். கோபத்துக்கும் வார்த்தைக்கும் நடுவே ஓர் ஆலோசனை. அந்த நடு இடம் இல்லாமல் கத்தியிருந்தால் அன்று நிலம் திரும்பியிருக்காது.

பவுலையும் பாருங்கள். பிலிப்பி சிறைச்சாலையில் நடுராத்திரியில் பாடினான் என்று பிரசங்கிக்கிறோம். விடிந்ததும் என்ன செய்தான்? போகலாம் என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பியபோது, ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து வெளியே அழைத்து விடட்டும் என்றான். அவர்கள் வரவும் வந்தார்கள். பாடியவனும் உரிமை கேட்டவனும் ஒரே மனிதன். முதுகுக் காயம்கூட ஆறியிருக்காது.

ஆகவே கேளுங்கள். காப்பீட்டுத் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். கோபம் உண்மையானால் அதைக் காகிதத்தில் நிற்கவையுங்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சின்ன ஊழியர்மேல் கொட்டித் தீர்ப்பதால் முதியவருக்குப் படுக்கை கிடைக்காது.

---

டயாலிசிஸ் செவிலி எழுதியது:

கடைசியாக ஐயா எழுதியதற்கு நன்றி. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது பல நாள் நான்தான். இயந்திரம் பழுதானால் எனக்கும் அழுகை வரும்.

---

நாசரேத் மகள் எழுதியது:

ஃபிஸ்டுலா தம்பி எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையன் என் வாயிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டான்" என்றார். வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். டம்ளரைப் பார்க்கிற என் கண்களைப் பற்றியும் சொன்னார். தாகம் அவருடையது, பயம் என்னுடையது, இரண்டையும் கலந்து ஒரே சண்டையாக்க வேண்டாம் என்றார். என் இச்சையடக்கம் தண்ணீரில் இல்லை, இந்தப் பயத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "எவ்வளவு குடித்தீர்கள்" என்ற கேள்வி தொண்டை வரை வரும்போது அதை அங்கேயே நிறுத்தி, ஆண்டவரிடம் கேள்வியாக வைப்பது. எளிதல்ல.

போன மாதம் அசனம் நடந்தது. ஊரே பந்தியில் இருக்கிறது. இவரை அன்பாக இழுத்து உட்காரவைத்தார்கள். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. "ஆண்டவருடைய பந்தி, ஒன்றும் செய்யாது அண்ணாச்சி" என்று கரண்டியோடு நின்றவர் இவரோடு பள்ளியில் படித்தவர். இலையில் சோறு போதும் என்று கையால் மறைத்தார், குழம்பில் ஒரு துண்டு கறியை மட்டும் வாங்கிக்கொண்டார். பரிமாறியவர் முகம் வாடிவிட்டது. பகைவர் முன்னால் அடக்கமாயிருக்க ஆயிரம் வசனம் கேட்டிருக்கிறேன். நம்மை நேசிக்கிறவர் கரண்டியோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் நம்மைப் பழக்கவில்லை.

---

களக்காட்டு அக்கா எழுதியது:

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் டோனாவூர். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆதரவற்ற பிள்ளைகளைத் தேடி அலைந்த கால்கள் அவை. 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பிறகு 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையும்தான். அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஒரு காரியம் எனக்கு முக்கியம். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதுகிற ஆறுதல்கள் படுக்கையில் கிடக்கிறவரை எட்டுவதில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே மற்ற நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை புத்தகமாகவும் வந்தன. வலியை வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் மற்ற நோயாளிகள் அவரை நம்பினார்கள்.

யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் நல்லவர்களாகத்தான் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டார்கள். அந்த ஏழு நாள் மௌனம் அருமையான இச்சையடக்கம். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. நோயாளி மட்டும் அடங்கியிருக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் தோன்றியதையெல்லாம் சொல்லலாம் என்று நம் சபைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. "யாரோ செய்த பாவம்", "விசுவாசம் போதவில்லை", "எங்கள் பெரியப்பாவுக்கும் இதுதான், ஆறு மாதத்தில் போய்விட்டார்" என்று எத்தனை பேச்சு! நாக்கை அடக்கத் தெரியாதவர்கள் தண்ணீரை அடக்கச் சொல்கிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம்.

நோயாளி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: இளநீரும் பழமும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருநாள் நோயாளியைக் கவனிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு முழுத் தூக்கம் கிடைக்கும்படி டயாலிசிஸுக்குத் துணையாக நீங்கள் போங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும்போது அவர்கள் முன்னால் தண்ணீர் கேட்டுக் குடிக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், சுருக்கமாக.

---

பெத்தேல் சகோதரன் எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆசிரியர் ஐயாவுக்கு இரண்டு வார்த்தை.

எசேக்கியாவின் அத்திப்பழ அடையைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு வசனம் இல்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்வதை நானும் ஆதரிக்கவில்லை, இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அவனுக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் பவுலும் மருந்து சொல்லியிருக்கிறார்.

ஆனால் சுகத்துக்காகக் கேட்பதை நிறுத்திவிடுவதும் ஒருவகைச் சோர்வு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பவுல் தன் மாம்சத்தில் முள்போல் குத்திய பாடு நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கேட்காமல் இருக்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் கேட்டவனுக்கே வந்தது. நாசரேத் சகோதரி, சுகம் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள், நாங்களும் கேட்கிறோம். அளவு பாட்டில் மேசையில் இருக்கட்டும், அந்த ஜெபமும் இருக்கட்டும்.

---

இடக்கை ஃபிஸ்டுலா எழுதியது:

அண்ணன், இதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்துக்காக அரசாங்கப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன். அதுவும் என் ஜெபத்தின் ஒரு பகுதி. ஆனால் "நாளை வந்துவிடும்" என்று நினைத்து இன்றைய நாளைத் தளரவிடமாட்டேன். அப்படி நினைத்தவர்கள் எங்கள் அறையில் மிகவும் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல செய்தி வந்த வாரத்தில்தான் எடை ஏறும்.

---

நாசரேத் மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை இவரே பாட்டிலை நிரப்பினார். பெரிய செம்பை நான் பரணில் போட்டுவிட்டேன், பூட்டவில்லை.

செவிலித் தங்கையிடம் ஒரு கேள்வி. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனைக்குப் போக வேண்டும் என்று இவருக்கு மிகுந்த ஆவல். வெள்ளி எங்களுக்கு டயாலிசிஸ் நாள். சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடலாமா? அன்று உபவாசம் இருக்கலாமா? சேகர குருவானவர் "உங்களுக்கு உபவாசம் கடமை இல்லை" என்றுதான் சொன்னார். இவருக்கு மனது கேட்கவில்லை.

---

டயாலிசிஸ் செவிலி எழுதியது:

அக்கா, டயாலிசிஸை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதே போய் வெள்ளிக்கிழமைக்கு முதல் ஷிப்ட் கேட்டு எழுதிவையுங்கள். பண்டிகை வாரத்தில் பலரும் கேட்பார்கள். விடியற்காலையில் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். இறங்கியவுடன் எழுந்து ஓட வேண்டாம், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அரை மணி நேரம் படுத்திருக்கட்டும். கோவிலில் மின்விசிறிக்குக் கீழே, வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முழங்கால்படியிட வேண்டாம், உட்கார்ந்தே ஜெபிக்கலாம். ஃபிஸ்டுலா இருக்கிற கையில் பை மாட்ட வேண்டாம்.

உபவாசம் வேண்டவே வேண்டாம். டயாலிசிஸ் அன்று வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வரும், சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவரானால் இன்னும் மோசம். இட்லி இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். குருவானவர் சொன்னதுதான் சரி. வருஷம் முழுவதும் தாகத்தோடு இருக்கிறவருக்குத் தனியாக ஒரு நாள் எதற்கு?

ஆராதனை முடிந்ததும் உங்கள் சபையில் கஞ்சி கொடுப்பார்களா? கொடுத்தால் உப்பு போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கஞ்சியும் அன்றைய முக்கால் லிட்டர் கணக்கில் சேரும்.